தப்பிக்கும் கருவிகளைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் கைதிகளுக்கு ரகசியமாகப் போய்ச் சேர்ந்த கருவிகளைப் பற்றி மூன்று புதியவர்கள் எழுதிய கட்டுரைகள் போன மாதம் என்னிடம் திருத்தத்துக்கு வந்தன. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறுகள் மூன்றிலும் இருந்தன. ஆண்டுப் பிழை, பெயர்ப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவை ஒருமுறை சரிபார்த்தால் போய்விடும்.

செஞ்சிலுவைப் பொட்டலம்

"செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலங்களில் வரைபடமும் ரம்பமும் ஒளித்து அனுப்பினார்கள்." இந்த வரியைக் கண்டாலே எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கைதிகள் தப்பிக்க உதவுவதற்காக 1939 டிசம்பரில் லண்டனில் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் ராணுவ உளவுப் பிரிவான எம்.ஐ.9, அந்தப் பொட்டலங்களில் கைவைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தது. ஒரே ஒரு டப்பாவில் ரம்பம் அகப்பட்டிருந்தாலும் எல்லா முகாம்களுக்கும் உணவு வருவது நின்றுபோகும் ஆபத்து இருந்தது. முகாமில் ஊற்றிய தண்ணீர் சூப்பை வைத்து எத்தனை நாள் உயிர் பிழைப்பது? ஆகவே இல்லாத தொண்டு அமைப்புகளைப் பெயரளவில் உருவாக்கினார்கள். 'கைதிகள் ஓய்வுநேர நிதி' அவற்றில் ஒன்று. விளையாட்டுச் சாமான்களுக்குள் கருவிகளை மறைத்து அந்தப் பெயர்களில் அனுப்பினார்கள். பிடிபட்டால் அந்தப் பெயரோடு போகும், சோறு தப்பும்.

என் முதல் கட்டுரையில் இந்தத் தவறான வரி அச்சாகிவிட்டது. ஒரு பெரியவர் அஞ்சலட்டை எழுதினார். அவருடைய தந்தை வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டு இத்தாலிய முகாமில் கிடந்தவர். அந்தப் பொட்டலத்தில் வந்த பால் பவுடரும் பிஸ்கட்டும்தான் அவரை ஊர் திரும்ப வைத்தன. அதைப் போய்க் கடத்தல் பெட்டி என்று எழுதலாமா என்று கேட்டிருந்தார். அடுத்த இதழில் திருத்தம் போட்டோம். ஆனால் கட்டுரையைப் படித்தவர்கள் எல்லாரும் திருத்தத்தைப் படிக்கவில்லை. போன மாதம் வந்த மூன்றில் ஒன்றில், என்னுடைய அந்த வரி ஓரெழுத்து மாறாமல் உட்கார்ந்திருந்தது.

பொத்தானுக்குள் திசைகாட்டி

சீருடைப் பொத்தானுக்குள் சிறு திசைகாட்டியை ஒளித்ததை ஒரே வரியில் கடந்துபோகிறார்கள். சுவை அந்தப் பொத்தானின் திருகு மரையில் இருக்கிறது. ஜெர்மன் காவலர்கள் பொத்தான்களைத் திருகிப் பார்க்கத் தொடங்கியதும், மரையைத் தலைகீழாக வெட்டினார்கள். வலப்பக்கம் திருகினால்தான் கழலும். காவலர் வழக்கம்போல் இடப்பக்கம் திருகத் திருக, அது மேலும் இறுகும்.

எல்லா வரைபடமும் பட்டு அல்ல

தப்பிப்போருக்காக அச்சிட்ட வரைபடங்களில் ரேயான் என்னும் செயற்கைப் பட்டும் உண்டு, மெல்லிய தாளும் உண்டு.

மானோபொலிக் கதை

லீட்ஸ் நகரின் வாடிங்டன் நிறுவனம் பட்டில் வரைபடம் அச்சிட்டது. மானோபொலி என்ற பலகை விளையாட்டின் பெட்டிகளையும் அதுவே தயாரித்தது. வரைபடங்களைப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லி எம்.ஐ.9-இன் கிளேட்டன் ஹட்டன் 1941-இல் எழுதிய கடிதம் இருக்கிறது. அந்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள். அந்தப் பெட்டியால் ஆயிரக்கணக்கானோர் தப்பினார்கள் என்று சான்றில்லாமல் சேர்க்காதீர்கள்.

எல்லாமே லண்டன் சரக்கு என்பது

பிடிபட்ட விமானப்படையினரை ஜெர்மானியர் அடைத்து வைத்திருந்த ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமிலிருந்து 1944 மார்ச்சில் 76 பேர் சுரங்கம் வழியாக வெளியேறினார்கள். அவர்களுக்கான திசைகாட்டிகளைக் கைதிகளே செய்தார்கள். உடைந்த கிராமபோன் தட்டை உருக்கிக் கூடு வார்த்தார்கள். தையல் ஊசியைக் காந்தமாக்கி முள்ளாக வைத்தார்கள். 73 பேர் மீண்டும் பிடிபட்டார்கள், அவர்களில் 50 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கைகள் செய்த வேலையை லண்டன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். திசைகாட்டியின் அடியில் அவர்களே பொறித்து வைத்திருக்கிறார்கள்: 'மேட் இன் ஸ்டாலாக் லுஃப்ட் 3'.