ரயில் சக்கரத்தைச் சோதிப்பது எப்படி: சுத்தியலிலிருந்து லேசர் வரை

வண்டி நகராது என்று உறுதியான பிறகுதான் சக்கரத்துக்குப் பக்கத்தில் போக வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை, எச்சரிக்கைக் கொடி அல்லது விளக்கு, வண்டியை ஓட்டுபவருக்குத் தகவல், மூன்றும் இருக்கட்டும். இந்தப் படி மட்டும் எந்தக் காலத்திலும் மாறவில்லை, மாறவும் கூடாது.

அப்புறம் கண்ணால் பாருங்கள். டார்ச் அடித்து, சக்கரத்தின் வெளிப்பக்கம், உள்பக்கம், தண்டவாளத்தில் உருளும் பரப்பான டிரெட், வண்டியைத் தடம் விலகாமல் பிடிக்கும் ஃபிளாஞ்ச் என்ற விளிம்பு, எல்லாவற்றையும் முழுச்சுற்றும் பார்க்க வேண்டும். நின்ற வண்டியில் சக்கரத்தின் அடிப்பாகமும் பிரேக் கட்டை மறைத்த இடமும் தெரியாது. ஆகவே விலகி நின்று வண்டியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி மறுபடி பாருங்கள். இதில் சோம்பல்படவே கூடாது.

தேட வேண்டியவை: டிரெட்டில் தட்டையான இடம், உதிர்ந்த குழி, குறுக்கே ஓடும் மெல்லிய வெடிப்பு, சூட்டில் நிறம் மாறிய அல்லது பெயின்ட் கருகிய இடம். பிரேக் இறுகி, சக்கரம் சுழலாமல் வழுக்கும்போதுதான் தட்டை விழுகிறது. வழுக்கிய இடம் கடுமையாகச் சூடாகி, சுற்றியிருக்கும் குளிர்ந்த எஃகு அந்தச் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ள, அங்கே மார்டன்சைட் என்ற, கடினமான ஆனால் எளிதில் நொறுங்கும் எஃகு உருவாகிவிடுகிறது. உதிர்வது அங்கிருந்துதான் தொடங்கும். அதனால் சின்னத் தட்டைதானே என்று விடாதீர்கள்.

சரி, சுத்தியலுக்கு வருவோம். நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு ஒருவர் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவது 19ஆம் நூற்றாண்டின் முக்கியச் சோதனை. அப்போது பல சக்கரங்களில் நடுப்பகுதி தனி, சூடேற்றி அதன்மேல் மாட்டிய உலோக வளையமான டயர் தனி. 1874 டிசம்பர் 24 அன்று இங்கிலாந்தின் ஷிப்டன்-ஆன்-செர்வெல் அருகே அப்படியொரு டயர் உடைந்து, தடம் புரண்ட ரயிலில் 34 பேர் இறந்தார்கள். நல்ல சக்கரம் கணீரென்று ஒலிக்கும். டயர் தளர்ந்தாலோ பெரிய விரிசல் இருந்தாலோ விரிசல் விட்ட பாத்திரம் போல மொத்தென்று கேட்கும். தட்டிப் பார்ப்பதானால் பிரேக் கட்டை சக்கரத்தை அழுத்தாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல சக்கரமும் மந்தமாகவே ஒலிக்கும். டயர் மாட்டிய சக்கரத்தில் டயருக்கும் நடுப்பகுதிக்கும் குறுக்கே பெயின்ட் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு இரண்டாக விலகியிருந்தால் டயர் நழுவியிருக்கிறது. தட்டுகிறவரே அச்சின் முனையில் பேரிங்கை மூடியிருக்கும் அச்சுப்பெட்டியைக் கையால் தொட்டுச் சூடும் பார்ப்பார்.

ஆனால் சின்ன விரிசல் ஒலியை மாற்றாது. 1842-இல் பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸ் போன ரயிலின் எஞ்சின் அச்சு உடைந்து பெரும் விபத்தான பிறகுதான், திரும்பத் திரும்ப விழும் சுமையில் உலோகம் சோர்ந்து உடைவதைப் பற்றிய ஆராய்ச்சி வேகம் பிடித்தது. ராங்கின் என்ற பொறியாளரும், பிறகு ஜெர்மனியில் வோலர் என்ற பொறியாளரும் ரயில் அச்சுகளை வைத்துத்தான் அதைப் படித்தார்கள். சக்கரம் இறுக்கிப் பொருத்தப்பட்ட இடத்துக்குள் அச்சில் விரிசல் இருந்தால் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. அதற்குத்தான், காதுக்குக் கேட்காத ஒலியை உலோகத்துக்குள் அனுப்பி எதிரொலியைப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனை. செய்யும் முன், தெரிந்த ஆழத்தில் வெட்டு போட்ட மாதிரித் துண்டில் கருவியைச் சரிபாருங்கள். பரப்பைத் துடைத்து எண்ணெயோ ஜெல்லோ தடவுங்கள். ஒலி போகும் திசையிலேயே விரிசல் கிடந்தால் எதிரொலி சரியாக வராது, ஆகவே ஒரே கோணத்தில் பார்த்து முடிக்காதீர்கள்.

அளவெடுப்பது தனி வேலை. ஃபிளாஞ்சின் உயரம், தடிமன், இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையேயான தூரம், விட்டம். முதலில் அழுக்கைத் துடையுங்கள், பிறகு ஒரே சக்கரத்தில் மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். ஃபிளாஞ்ச் உயரம் கூடுகிறது என்றால் ஃபிளாஞ்ச் வளரவில்லை, டிரெட் தேய்ந்து இறங்குகிறது என்று படியுங்கள்.

அளவு சரியாக இருந்தால் சக்கரம் நலம் என்று நினைக்காதீர்கள். 1998 ஜூன் 3, ஜெர்மனியின் எஷெடெ. அதிவேக ரயிலின் ஒரு சக்கரத்தில், ரப்பர் அடுக்குக்கு மேல் மாட்டிய டயர் உடைந்து 101 பேர் இறந்தார்கள். புதிதில் 920 மில்லிமீட்டர் விட்டமிருந்த அந்தச் சக்கரம் 862-க்குத் தேய்ந்திருந்தது. அனுமதித்த எல்லையோ 854. அளவுப்படி அது ஓடலாம். விரிசல் டயரின் உள்முகத்தில் தொடங்கியது, வெளியிலிருந்து எவ்வளவு பார்த்தாலும் தெரியாத இடம். அந்த 101 உயிர்களை நினைத்தாவது, எந்தச் சோதனை எந்த முகத்தைப் பார்க்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

இப்போது தண்டவாளமே சோதிக்கிறது. ஓடும் சக்கரம் தண்டவாளத்தை எவ்வளவு பலமாக அடிக்கிறது என்பதை அதில் ஒட்டிய உணரிகள் பதிவு செய்கின்றன. பேரிங் சூட்டை அகச்சிவப்புக் கருவி பார்க்கிறது. லேசரும் கேமராவும் சக்கரத்தின் வடிவத்தை ஓட்டத்திலேயே அளக்கின்றன. ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், அதே அச்சின் மறுபக்கத்தோடும் மற்ற அச்சுகளோடும் முந்தைய ஓட்டங்களோடும் ஒப்பிடுங்கள். அடியின் அளவு வேகத்தையும் சுமையையும் பொறுத்து மாறும். நீண்ட இறக்கத்துக்குப் பிறகு எல்லாச் சக்கரமும் சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அங்கே பிரேக் பிடிக்கவில்லை என்று சந்தேகியுங்கள். எச்சரிக்கை வந்தால் மறுபடியும் டார்ச், அளவெடுக்கும் கேஜ், தேவைப்பட்டால் அல்ட்ராசோனிக்.

பதிவு எழுதும்போது பெட்டி எண்ணோடு அச்சின் தொடர் எண்ணையும் கட்டாயம் எழுதுங்கள், ஏனென்றால் பணிமனையில் அச்சும் சக்கரமும் வேறு பெட்டிக்கு மாறிப்போகும், பழைய அளவுகள் அதோடு போகாவிட்டால் தேய்மானம் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.