உங்கள் முதல் சாமுராய் படம்: சோற்றுக் கிண்ணத்தைக் கவனியுங்கள்

சாமுராய் படம் என்றதும் வாள்சண்டைக்காகக் காத்திருந்து, முதல் ஒரு மணி நேரத்திலேயே சோர்ந்துபோனவர்கள் பலர். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1954இல் எடுத்த 'செவன் சாமுராய்' படத்தை நீங்கள் அப்படிக் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: நேரம் ஒதுக்குங்கள்

முழுப் படம் 207 நிமிடம். சுருக்கிய பிரதிகளும் உண்டு. நேரத்தைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இடைவேளை படத்திலேயே இருக்கிறது, அங்கே மட்டும் எழுந்தால் போதும். ஒலி ஜப்பானிய மொழியிலேயே இருக்கட்டும். சப்டைட்டில் துணைக்கு வரும்.

படி 2: இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

கதை நடப்பது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜப்பான் உள்நாட்டுப் போர்களால் சிதைந்து கிடந்தபோது. எஜமானை இழந்த சாமுராயை ரோனின் என்பார்கள். வாள் இருக்கும், வருமானம் இருக்காது. அடுத்தது குடுமி. அது சாமுராயின் மானம். ஒரு குழந்தையை மீட்பதற்காக, ஏழு சாமுராய்களுக்கும் தலைவராகப்போகும் கம்பெய் தன் குடுமியை அறுத்து, தலையை மழித்துக்கொள்வார். சுற்றி நிற்பவர்கள் ஏன் அப்படித் திகைக்கிறார்கள் என்பது இது தெரிந்தால்தான் விளங்கும்.

படி 3: சோற்றைப் பின்தொடருங்கள்

படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. விளைந்ததைப் பறிக்கக் கொள்ளையர்கள் அறுவடைக்காகக் காத்திருக்கிறார்கள். காவலுக்கு ஆள் தேடும் விவசாயிகளால் கூலியாகத் தர முடிந்தது சோறு மட்டுமே. வந்தவர்களுக்கு வெள்ளைச் சோறு போட்டுவிட்டு அவர்கள் சிறுதானியம் உண்கிறார்கள். அது தெரியவந்ததும் கம்பெய் அந்தக் கிண்ணத்தைக் கையில் ஏந்தும் விதத்தைப் பாருங்கள். பல போர்க்களக் காட்சிகளை மறந்த பிறகும், கம்பெய்யாக நடித்த தகாஷி ஷிமுராவின் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. கூலிக்காக அல்ல, அந்தக் கிண்ணத்துக்காகவே அவர் போகிறார்.

படி 4: ஏழு பேரையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்

மூவரைப் பிடித்துக்கொண்டால் போதும். மழித்த தலையைத் தடவிக்கொண்டே யோசிப்பவர் கம்பெய். அதிகம் பேசாமல் வாளையே தவமாகக் கொண்டவர் கியூசோ. நீண்ட வாளைத் தோளில் சுமந்து ஆர்ப்பாட்டம் செய்பவன் கிகுச்சியோ. தோஷிரோ மிஃபுனே நடித்திருக்கிறார். ஏழு பேருக்குமான கொடியில் ஆறு வட்டங்களும் ஒரு முக்கோணமும் இருக்கும். அந்த முக்கோணம் கிகுச்சியோ. அவன் மட்டும் ஏன் வட்டமாக இல்லை என்ற கேள்வியை மனத்தில் வைத்திருங்கள். விவசாயிகளைப் பற்றி அவன் ஆத்திரத்தோடு கொட்டித் தீர்க்கும் காட்சியில் விடை இருக்கிறது.

படி 5: வரைபடத்தை மறக்காதீர்கள்

கம்பெய் கிராமத்தின் வரைபடத்தை விரிக்கும்போது எந்தப் பக்கம் மலை, எந்தப் பக்கம் வயல், எந்த வழியைத் திறந்து வைக்கிறார் என்று பாருங்கள். பிறகு சண்டையில் குழப்பமே வராது. கொள்ளையர்களை வட்டங்களாக வரைந்து, ஒவ்வொருவர் சாகும்போதும் ஒன்றை அடித்துக்கொண்டே போவார். உங்களுக்கும் அதுவே கணக்கு. கொள்ளையர்களிடம் மூன்று துப்பாக்கிகள் உண்டு. அவற்றின் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

படி 6: மழைக்குப் பிறகும் எழுந்துவிடாதீர்கள்

சேற்றிலும் மழையிலும் நடக்கும் இறுதிப் போரைக் குரோசாவா ஒரே நேரத்தில் பல கேமராக்களை வைத்துப் படமாக்கினார். அது முடிந்ததும் படம் முடிந்துவிட்டது என்று தோன்றும். இன்னும் ஒரு காட்சி இருக்கிறது: நடவுப் பாட்டு. பாடுகிறவர்கள் யாரைத் திரும்பிப் பார்க்கிறார்கள், உயிர் தப்பிய சாமுராய்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்.