இரு செயலிகள் நேரடியாகப் பேசிக்கொள்ள எந்த வழியைத் தேர்வது?

இரண்டு செயலிகளை நேரடியாக இணைக்க விரும்புபவர், எந்த நெறிமுறை என்று தேடுவதற்கு முன், அவை எந்த நெட்வொர்க்கில் இயங்கப்போகின்றன என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். குறுஞ்செய்திகள் மட்டுமே போய்வரும் என்றால் சர்வர் வழியாகவே அனுப்பிவிடலாம். பெரிய கோப்புகளுக்கும் காணொளி அழைப்புகளுக்கும்தான் நேரடி இணைப்பு அதன் சிரமத்துக்கு ஈடான பலனைத் தரும்.

இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால், எம்டிஎன்எஸ் (உள் நெட்வொர்க்கில் சாதனங்களைத் தேடும் நெறிமுறை) மூலம் ஒன்றையொன்று கண்டுபிடித்து, சாதாரண டிசிபி (தரவு விடுபடாமல் வரிசையாகச் சேர்வதை உறுதி செய்யும் முறை) இணைப்பில் பேசினால் போதும். விருந்தினர் வைஃபைகளில் சாதனங்களை ஒன்றுக்கொன்று தெரியாமல் பிரித்து வைப்பது வழக்கம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இணையம் கடந்து பேசும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வீட்டுக் கணினிக்கு 192.168.1.5 போன்ற உள்முகவரிதான் இருக்கும். மொபைல் நிறுவனங்களோ பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. அதனால் வெளியிலிருந்து அவற்றை நேரடியாக அடைய முடியாது. ஸ்டன் சர்வரிடம் கேட்டால், ரௌட்டர் தனக்கு ஒதுக்கிய பொது முகவரியையும் போர்ட் எண்ணையும் செயலி தெரிந்துகொள்ளும். அவற்றைப் பரிமாறிக்கொண்டு இரு தரப்பும் ஒரே சமயத்தில் யுடிபி (முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமலே தரவை அனுப்பும் முறை) பொட்டலங்களை அனுப்பினால், பெரும்பாலும் வழி திறந்துவிடும். ஆனால் சில ரௌட்டர்கள் ஒவ்வொரு சேருமிடத்துக்கும் வெவ்வேறு போர்ட்டை ஒதுக்குவதால், ஸ்டன் சொன்ன எண் அங்கே பயன்படாது. இரு தரப்பிலும் அத்தகைய ரௌட்டர்களே இருந்தால், டர்ன் என்ற இடைநிலை (ரிலே) சர்வர் வழியாகத் தரவைக் கடத்துவதே நம்பகமான வழி. அந்தப் போக்குவரத்துக்கான செலவு உங்களுடையது என்பதால், அதைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

இவ்வழிகளையெல்லாம் முயன்று பார்த்து, இயங்குபவற்றுள் ஏற்றதைத் தேர்ந்துகொள்ளும் ஐஸ் நெறிமுறையை நீங்களே எழுத முனைய வேண்டாம். இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி-யின் பரிந்துரையாக 2021-இல் வெளியான, பிரவுசர்கள் நேரடியாகப் பேச உதவும் வெப்ஆர்டிசி அதை உள்ளடக்கியே வருகிறது. பிரவுசருக்கு வெளியே கோ மொழிக்குப் பயான், சி++ மொழிக்கு லிப்டேட்டாசேனல் என்று நூலகங்களும் உண்டு. இணைப்பை ஏற்படுத்துவதற்கான தொடக்கத் தகவலை எப்படிப் பரிமாறுவது என்பதை வெப்ஆர்டிசி வரையறுக்கவில்லை. அதற்கு வெப்சாக்கெட் (இருவழித் தொடர்பைத் திறந்தே வைத்திருக்கும் முறை) போன்ற ஒன்றில் இயங்கும் ஒரு சிறு சர்வரை நீங்கள்தான் அமைக்க வேண்டும். மைய சர்வரை நம்பாமல் ஏராளமான கணுக்கள் ஒன்றையொன்று தேடிக்கொள்ள வேண்டிய அமைப்புக்கு லிப்பி2பி என்ற நூலகத் தொகுப்பு பொருத்தமானது.

சோதிக்கும்போது ஒரு முனையை மொபைல் டேட்டாவிலும் மறு முனையை வீட்டு பிராட்பேண்டிலும் வைத்துப் பாருங்கள். பிறகு வெப்ஆர்டிசி அமைப்பில் ரிலே வழியை மட்டும் அனுமதித்து, டர்ன் உண்மையிலேயே இயங்குகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்தால், டர்ன் கடவுச்சொல்லில் உள்ள பிழை, யுடிபியைத் தடுக்கும் ஏதோ ஓர் அலுவலகத்தில் உங்கள் பயனர் அமர்ந்திருக்கும்போதுதான் வெளிப்படும்.