கல்லூரி டீமில் சேரும் பிள்ளை டிகிரியோடு வெளியே வருமா? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

வந்து இறங்கிய முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் ஒரே ஓட்டம்தான். சோஷியல் செக்யூரிட்டி எண், டிரைவிங் லைசென்ஸ், வாடகை வீடு, பள்ளி அட்மிஷன். அதெல்லாம் முடிந்து மூச்சு விடும் நேரத்தில் பள்ளிக் கோச் கூப்பிட்டு, "உங்கள் பெண் நன்றாக நீந்துகிறாள், கல்லூரியில் ஸ்காலர்ஷிப் கிடைக்கலாம்" என்பார். எங்களுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஸ்காலர்ஷிப் என்ற வார்த்தையைக் கேட்டதும் மற்ற எதையும் நாங்கள் கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். டீமில் இடம் கிடைப்பது ஒரு விஷயம், அந்தக் கல்லூரியிலிருந்து தனக்குப் பிடித்த படிப்பில் டிகிரி வாங்கிக்கொண்டு வெளியே வருவது வேறு விஷயம்.

முதலில் கல்லூரிகள் சொல்லும் பட்டம் பெறுவோர் சதவீதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் போனால், "எங்கள் விளையாட்டு மாணவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பட்டம் பெறுகிறார்கள்" என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் இங்கே இரண்டு விதமான கணக்கு இருக்கிறது. ஒன்று அரசாங்கக் கணக்கு. கூடைப்பந்து வீரராக இருந்து செனட்டரான பில் பிராட்லி போன்றவர்கள் முன்னின்று 1990-இல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் கல்லூரிகள் இந்த எண்ணிக்கையை வெளியிட வேண்டும். டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் படித்து முடிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. இன்னொன்று கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2000-களில் கொண்டுவந்த ஜி.எஸ்.ஆர். (பட்டம் முடிப்பதில் வெற்றி விகிதம்) கணக்கு.

வித்தியாசம் புரிய ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு டீமில் முதலாண்டில் 10 பேர் சேர்கிறார்கள். 6 பேர் அதே கல்லூரியில் ஆறு வருடத்துக்குள் பட்டம் வாங்குகிறார்கள். 3 பேர் நல்ல மார்க்கோடு வேறு கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள். ஒருவர் ஃபெயிலாகிப் படிப்பை விட்டுவிடுகிறார். நடுவில் வெளியிலிருந்து 2 பேர் வந்து சேர்ந்து, இரண்டு பேருமே பட்டம் வாங்குகிறார்கள். அரசாங்கக் கணக்கில் இது 10-க்கு 6, அதாவது 60 சதவீதம். ஜி.எஸ்.ஆர். கணக்கில் போன 3 பேரைக் கழித்து வந்த 2 பேரைச் சேர்த்தால் மொத்தம் 9, பட்டம் வாங்கியவர்கள் 8, கிட்டத்தட்ட 89 சதவீதம். ஒரே டீம்தான், அதே பிள்ளைகள்தான்.

மேல்மட்டமான டிவிஷன் 1-இல் இப்போது ஜி.எஸ்.ஆர். 90 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, அரசாங்கக் கணக்கோ 70-ஐ ஒட்டி இருக்கிறது, மற்ற மாணவர்களின் விகிதமும் ஏறக்குறைய அதே அளவுதான். எது சரி என்று சண்டை போட வேண்டியதில்லை. கல்லூரி மாறியவரைத் தோற்றவராக எண்ணுவது நியாயமில்லை என்பதால்தான் ஜி.எஸ்.ஆர். வந்தது, அது எனக்கும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் நல்ல மார்க்கோடு கிளம்பிப் போனவர் அப்புறம் எங்கேயும் படிக்காமல் போனாலும் அந்தக் கணக்கில் காணாமல் போய்விடுகிறார். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்.சி.ஏ.ஏ. தளத்தில் கல்லூரி வாரியாக, விளையாட்டு வாரியாகத் தேடலாம். இடைவெளி ரொம்பப் பெரிதாக இருந்தால் அந்த டீமிலிருந்து நிறையப் பேர் கிளம்பிப் போகிறார்கள் என்று அர்த்தம். ஏன் போகிறார்கள் என்று கோச்சிடம் தயங்காமல் கேளுங்கள். கல்லூரியின் மொத்தச் சராசரியை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஆண்கள் கூடைப்பந்தும் அமெரிக்கக் கால்பந்தும் பொதுவாகக் கீழே இருக்கும், பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவை மிக உயரத்தில் இருக்கும். உங்கள் பிள்ளையின் விளையாட்டு எங்கே நிற்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

இன்னொன்று. இரண்டு கணக்குமே ஆறு வருடத்துக்கானவை. விளையாடும் வாய்ப்பும் அதோடு வரும் பணமும் பெரும்பாலும் நாலு வருடத்தோடு முடிந்துவிடும். ஐந்தாவது வருடத்துக்கு யார் பணம் கட்டுவது? வேலை விசாவில் வந்த பெற்றோரைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது இரட்டைக் கவலை, ஏனென்றால் 21 வயதில் அந்த விசா முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். மாறினால் உள்ளூர் மாணவர் கட்டணம் தொடருமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பெரும்பாலான ஸ்காலர்ஷிப்புகள் பாதியோ கால்வாசியோதான் என்பதையும் மறக்காதீர்கள்.

அடுத்தது, எந்தப் படிப்பில் பட்டம் என்ற கேள்வி. நாங்கள் மூன்று கல்லூரிகளுக்குப் போனோம். ஒரு இடத்தில் நீச்சல் குளத்தைப் பார்த்தோம், கண்ணாடிச் சுவர் வைத்த ஜிம்மைப் பார்த்தோம், விளையாட்டு மாணவர்களுக்கென்றே தனியாக இருந்த படிப்பு மாடியையும் பார்த்தோம். எல்லாம் முடிந்து மேசையில் உட்கார்ந்தபோது என் மனைவி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "இப்போது நாலாம் வருடத்தில் இருக்கும் பெண்கள் என்னென்ன மேஜர் படிக்கிறார்கள்?" துணைக் கோச் நல்ல பெண், மறைக்கவில்லை, போனில் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஏழு பேர். ஐந்து பேருக்கு ஒரே மேஜர். அதில் இரண்டு பேர் பயாலஜியில் சேர்ந்து பிறகு மாறியவர்கள். அந்த ஒரு நிமிடம் எங்களுக்குச் சொன்னதை எந்த சதவீதமும் சொல்லவில்லை. டீம் பட்டியல் கல்லூரியின் விளையாட்டுத் தளத்திலேயே இருக்கும், பல இடங்களில் ஒவ்வொருவரின் மேஜரும் போட்டிருக்கும். வீட்டில் உட்கார்ந்தே எண்ணிப் பார்க்கலாம்.

ஏன் இப்படி ஒரே மேஜரில் குவிகிறார்கள் என்றால், விதியே அப்படித் தள்ளுகிறது. டிவிஷன் 1-இல் விளையாடத் தகுதியோடு இருக்க வேண்டுமானால் இரண்டாம் ஆண்டு முடிவில் டிகிரியின் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நாலாம் ஆண்டில் 80 முடித்திருக்க வேண்டும். எடுத்த கிரெடிட் எல்லாம் அந்த டிகிரிக்குச் செல்லுபடியாக வேண்டும். இந்த விதியால் பிள்ளைகள் ஒழுங்காகப் படிப்பை நகர்த்துகிறார்கள் என்பது உண்மை, நான் மதிக்கும் விதி. ஆனால் இரண்டு வருடம் கழித்து எஞ்சினியரிங்குக்கு மாற நினைத்தால் அந்த 60 எட்டாது, விளையாட முடியாது. அதோடு டீமுக்கும், பிள்ளைகள் தகுதியோடு படிப்பில் நீடிக்கிறார்களா என்று பார்க்கும் ஏ.பி.ஆர். என்ற ஒரு மதிப்பெண் உண்டு, 1000-க்கு 930-க்குக் கீழே போனால் இறுதிப் போட்டிகளில் ஆட முடியாது. கனெக்டிகட் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து டீம் 2013-இல் இதனால்தான் வெளியே நின்றது, அடுத்த வருடமே கோப்பையை வென்றது. இப்படி இருக்கும்போது அட்வைசர் பத்திரமான பாடத்தைத்தான் சொல்வார். அது கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் உங்கள் பிள்ளையின் ஆசையும் டீமின் தேவையும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எல்லை மீறியும் போயிருக்கிறது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் 18 வருடமாக, வகுப்பே நடக்காமல் ஒரு கட்டுரை எழுதினால் மார்க் கிடைக்கும் பாடங்கள் ஓடின என்று 2014-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை சொன்னது. 3,100 மாணவர்கள் அதில் இருந்தார்கள், கிட்டத்தட்டப் பாதிப் பேர் விளையாட்டு மாணவர்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது சின்ன விஷயம்தான். மகள் கெமிஸ்ட்ரி எடுத்தாள். காலை ஐந்தரைக்குத் தண்ணீரில் இறங்க வேண்டும், எட்டரைக்கு முதல் வகுப்பு, மதியம் இரண்டரைக்கு மறுபடி பயிற்சி. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப் செவ்வாயும் வியாழனும் மதியம் இரண்டு மணிக்கு மட்டும்தான். "அடுத்த வருடம் எடுத்துக்கொள்" என்றார்கள். அடுத்த வருடமும் அதே நேரம்தான். வியாழன் மாலை பஸ்ஸில் ஏறினால் ஞாயிறு இரவுதான் அறைக்குத் திரும்புவாள், ஹோட்டல் லாபியில் உட்கார்ந்து லேப் ரிப்போர்ட் எழுதுவதை வீடியோ காலில் பார்த்திருக்கிறேன், ஈரத் தலையோடு, மடியில் லேப்டாப், பக்கத்தில் ஒரு வாழைப்பழம். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் பஸ் பயணமும் பிசியோ சிகிச்சையும் அந்த 20-இல் வராது. கடைசியில் அவள் முடிக்க ஒரு செமஸ்டர் கூடுதலாக ஆனது, அந்தப் பணம் எங்கள் கையிலிருந்து போனது. சேரும்முன்பே அந்த மேஜரின் நாலு வருடப் பாடத்திட்டத்தையும் டீமின் பயிற்சி நேரத்தையும் பக்கத்தில் வைத்து, மதியம் மட்டும் நடக்கும் லேப் எது என்று பார்த்திருந்தால் கோடை வகுப்பில் முடித்திருக்கலாம். நீங்கள் அதைச் செய்யுங்கள். கோடை வகுப்புக்கு ஸ்காலர்ஷிப் பணம் தருவார்களா என்றும் அப்போதே கேளுங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இப்போதுதான் வந்தவர்களுக்கு ஒரு அவசர வேலை உண்டு. என்.சி.ஏ.ஏ. தகுதிக் கணக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கிறது. மொத்தம் 16 முக்கியப் பாடங்கள், டிவிஷன் 1-க்கு அவற்றில் 2.3 ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) வேண்டும், 10 பாடங்களைக் கடைசி வருடம் தொடங்கும்முன் முடித்திருக்க வேண்டும். எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வு மார்க் தகுதிக்குத் தேவையில்லை என்று 2023-இல் நீக்கிவிட்டார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட்டை எல்லோரும் பத்திரமாக வைத்திருப்போம், ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டை யார் வைத்திருக்கிறார்கள்? ஊருக்குப் போகும்போது பள்ளியில் சீல் வைத்து வாங்கி வந்துவிடுங்கள். இங்கே பள்ளி கவுன்சிலரிடம், எடுக்கும் பாடம் என்.சி.ஏ.ஏ. ஒப்புக்கொண்ட பட்டியலில் இருக்கிறதா என்று ஒவ்வொரு வருடமும் கேளுங்கள்.

தமிழ்ச் சங்கத்தில் மூத்தவர்கள் சொல்லும் தகவல்களில் சில பழசாகிவிட்டன. இந்தக் கல்லூரி டீமில் சேர்கிறேன் என்று கையெழுத்துப் போடும் நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024 அக்டோபரில் போய்விட்டது, இப்போது கல்லூரி தரும் நிதியுதவி ஒப்பந்தம்தான் ஆவணம். ஒரு வருடத்துக்கா நாலு வருடத்துக்கா, அடிபட்டால் பணம் நிற்குமா என்பதை அந்தத் தாளிலேயே பாருங்கள், வாய்ப்பேச்சு போதாது. 2025 ஜூனில் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு பல கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன, டீமில் எத்தனை பேர் என்பதற்கும் வரம்பு வந்திருக்கிறது, ஓரத்தில் இருக்கும் பிள்ளைகள் இடம் இழக்கிறார்கள். எஃப்-1, எச்-4 பிள்ளைகள் விளம்பரப் பணம் எதையும் தொடும்முன் இமிகிரேஷன் வக்கீலைப் பார்க்க வேண்டும். எஃப்-1 பிள்ளை செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால் விளையாட்டுத் தகுதியும் போகும், விசாவும் ஆபத்தில் விழும். கஷ்டமான பாடத்தை டிராப் பண்ணும்முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.

கல்லூரி மாறுவது இப்போது சுலபம். படிப்பில் தகுதியோடு இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே விளையாடலாம் என்று 2024-இல் ஆகிவிட்டது. ஆனால் கிரெடிட் எல்லாம் கூடவே வராது. மாறும்முன், புதிய கல்லூரியில் தன் மேஜருக்கு எத்தனை கிரெடிட் ஏற்பார்கள் என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

நன்றாக ஆடி, நன்றாகப் படித்தும் முடித்தவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் ஆடி வளர்ந்த டென்னிஸ் வீரர் சோம்தேவ் தேவ்வர்மன் விர்ஜினியா பல்கலைக்கழகத்தில் 2007, 2008 இரண்டு வருடமும் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் சாம்பியன் ஆகி, சமூகவியல் டிகிரியையும் முடித்துவிட்டுத்தான் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். ஸ்குவாஷ் வீரர் வேலவன் செந்தில்குமார் கொலம்பியாவில் படித்தார். அது ஐவி லீக் என்ற எட்டுப் பழமையான தனியார் பல்கலைக்கழகங்களில் ஒன்று, அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. இந்த மாதிரிக் கல்லூரிகளையும் பட்டியலில் வையுங்கள், டிவிஷன் 3-ஐயும் வையுங்கள். அங்கேயும் விளையாட்டுக்குப் பணம் தரமாட்டார்கள், ஆனால் லேபா பயிற்சியா என்று வந்தால் லேபுக்கு விடும் கோச்சுகள் அங்கே அதிகம் என்பது நான் பார்த்த வரையில் உண்மை.

கடைசியாக ஒன்று. கல்லூரியில் சேர்ந்துவிட்டால் பிள்ளையின் மார்க்கைப் பெற்றோருக்குக் காட்டக் கல்லூரிக்குக் கடமை இல்லை, ஃபெர்பா என்ற சட்டம் அப்படி. ஃபீஸ் நீங்கள் கட்டினாலும் பெரும்பாலும் பிள்ளை கையெழுத்துப் போட்டு அனுமதித்தால்தான் பேசுவார்கள். சேரும் வாரத்திலேயே அந்தப் படிவத்தைப் பற்றி உட்கார்ந்து பேசுங்கள், மிரட்டாமல். எங்கள் மகள் போட்டுக் கொடுத்தாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு: செமஸ்டருக்கு ஒருமுறை அவளும் நாங்களும் சேர்ந்து டிகிரிக்கு இன்னும் என்ன பாடம் பாக்கி என்ற பட்டியலைத் திறந்து பார்ப்போம், மற்ற நாளில் மார்க்கைப் பற்றிக் கேட்கக் கூடாது, நீச்சல் எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்கலாம்.