ஆமையின் மூச்சில் சத்தம் கேட்டால்

இரவில் விளக்கை அணைத்த பிறகு 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். பல்லி என்றே இரண்டு நாள் நினைத்திருந்தேன். மூன்றாம் இரவு தரையில் படுத்துக் காது கொடுத்தபோதுதான் அது என் ஆமையின் மூச்சு என்று புரிந்தது.

பயப்பட வேண்டாத சத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தூக்கும்போதோ, மேலே நிழல் விழும்போதோ ஆமை தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு 'உஸ்ஸ்' என்று சீறும். அதைக் கோபம் என்று பலரும் நினைக்கிறார்கள். தலையும் கால்களும் ஓட்டுக்குள் ஒடுங்கும்போது நுரையீரலில் இருக்கும் காற்று பீறிட்டு வெளியேறுகிறது, அவ்வளவுதான். இணைசேரும் ஆண் ஆமை முனகுவதும் கீச்சிடுவதும் இயல்புதான்.

சந்தேகம் தீர ஒரே வழி உட்கார்ந்து கேட்பது. மின்விசிறியை நிறுத்துங்கள். ஆமை தலையை நீட்டி ஓய்வாக இருக்கும் நேரமாகப் பார்த்து, தொடாமல் பத்து நிமிடம் அருகில் இருங்கள். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி விடும். அதைக் கண்டு பதற வேண்டாம். சத்தம் தலை அசையும்போது வருகிறதா, மூச்சோடு வருகிறதா? மூச்சோடு விசிலோ சொடுக்கோ கொறகொறப்போ திரும்பத் திரும்ப வந்தால் மூக்குத் துளைகளைப் பாருங்கள். ஈரம், குமிழி, காய்ந்த சளி, வீங்கிய கண் இமை, தின்னாமல் கிடப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். மூச்சுவிடும்போது முன்னங்கால்கள் லேசாக அசைவதில் தவறில்லை. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, கால்களைத் துருத்தி போல இயக்கினால் அன்றைக்கே கிளம்புங்கள்.

இத்தனை அவசரம் ஏன்? ஆமையின் விலா எலும்புகள் ஓட்டோடு ஒட்டியவை. நம்மைப் போல நெஞ்சை விரிக்க அதனால் முடியாது. சரியாக இருமவும் தெரியாது. சேர்ந்த சளி உள்ளேயே தங்கிவிடுகிறது.

என் ஆமையின் விஷயத்தில் குற்றவாளி நான்தான். வெப்பமானியை என் கண்ணுக்கு வசதியாகச் சுவரில் மாட்டியிருந்தேன். அங்கே 31 டிகிரி. ஆமை கிடந்த ஈர மூலையில் 21. வெப்பமானியை ஓட்டின் உயரத்தில் வையுங்கள். வளர்ப்பு நில ஆமைகள் பெரும்பாலானவற்றுக்கு வெப்ப விளக்கின் கீழே 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். உங்கள் இனத்துக்கு எவ்வளவு என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். நோயுற்ற ஆமையை இரவிலும் குளிர விடாதீர்கள், ஏனென்றால் உடல் குளிர்ந்தால் நோய் எதிர்ப்பும் மந்தமாகிவிடும். ஆமைக்குக் கீழே விரித்திருக்கும் படுகை ஈரமாகவோ தூசி பறப்பதாகவோ இருந்தால் மாற்றுங்கள். வேறு ஆமைகள் இருந்தால் உடனே பிரித்து வையுங்கள், தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

ஆவி பிடிக்க வைப்பது, தைலம் தடவுவது, வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது எல்லாம் வேண்டாம். சளி வடியட்டும் என்று தலைகீழாகக் கவிழ்ப்பதும் கூடாது: நுரையீரல் மேல் ஓட்டை ஒட்டி இருக்கிறது, கவிழ்த்தால் குடல் முழுவதும் அதன்மேல் அழுத்தும்.

ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவரைத் தேடுங்கள். காரணம் மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமியாக இருக்கலாம், ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம், வைட்டமின் ஏ குறைவாகவோ மூக்கில் சிக்கிய ஒரு புல் நுனியாகவோகூட இருக்கலாம். கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. எக்ஸ்ரேயும் மூக்குச் சளிப் பரிசோதனையும் தேவைப்படலாம். மருத்துவமனை மேசையில் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ஊமையாகிவிடும் என்பதால் சத்தத்தை வீட்டிலேயே கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். என் மருத்துவர் அந்த நாற்பது விநாடிப் பதிவைத்தான் மூன்று முறை கேட்டார். எடைக் குறிப்பும் வெப்பநிலைக் குறிப்பும் உடன் இருந்தால் நல்லது.

என் ஆமைக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை, முன்னங்காலில் ஊசி. நான்காவது ஊசியிலேயே சொடுக்கு நின்றுவிட்டது. மருத்துவர் ஏழு என்று சொல்லியிருந்தார். ஏழையும் போட்டுத்தான் விட்டேன்.