அண்டர்கவர் போலீஸ் படத்தின் இரண்டாம் பாகம்: மலையிலிருந்து விமர்சனம் எழுதுவது எப்படி?

'முதல் பாகம் அளவுக்கு இல்லை.' புதிதாக விமர்சனம் எழுத வருபவர்கள் பெரும்பாலும் இந்த வரியோடு நின்றுவிடுகிறார்கள். இது தீர்ப்பு மட்டும்தான், காரணம் இதில் இல்லை. அண்டர்கவர் போலீஸ், அதாவது அடையாளத்தை மறைத்துக் கும்பலுக்குள் புகும் போலீஸ் கதையில் காரணத்தைப் பிடிக்க நேரான வழி ஒன்று இருக்கிறது: நாயகன் போலீஸ் என்பது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று கணக்கு வைப்பது. முதல் பாகம் பெரும்பாலும் அந்த ரகசியம் உடைவதோடு முடியும். உடைந்ததை இரண்டாம் பாகம் எப்படி ஒட்டுகிறது என்பதில்தான் படத்தின் உயிர் இருக்கிறது.

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும். ஊட்டியில் டிசம்பர் இரவுக் காட்சிக்குப் பால்பாயின்ட் பேனா கொண்டுபோனால் குளிரில் மை இறுகி, பாதி வரியில் நின்றுவிடலாம். செல்போனில் குறிப்பெடுக்க வேண்டாம், பின் வரிசையில் இருப்பவர் கண்ணில் வெளிச்சம் அடிக்கும்.

படி 1: முதல் பாகத்தின் கடைசி அரை மணி நேரம்

படத்தையே பாருங்கள். பத்து நிமிடச் சுருக்க வீடியோக்கள் சண்டையை வைத்துக்கொண்டு, கதவோரம் நின்று பார்த்த டீக்கடைப் பையனை வெட்டிவிடும். இரண்டாம் பாகத்தில் ரகசியத்தைக் கசியவிடுபவன் அவனாகவே இருக்கலாம்.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: 'தெரியும்', 'தெரியாது', 'சந்தேகம்'. செத்தவர்களின் பெயரை அடித்துவிடாதீர்கள். பக்கத்தில் 'யாரிடம் சொல்லியிருப்பான்?' என்று எழுதி வையுங்கள்.

பழகிப் பார்க்க 'சிங்கம்' (2010), 'சிங்கம் 2' (2013) இரண்டும் நல்ல பாடம். போலீஸ் நாயகன் துரைசிங்கம் முகத்தையும் மறைக்கவில்லை, பெயரையும் மாற்றவில்லை. வேலையை விட்டுவிட்டதாக ஊரை நம்பவைத்துவிட்டு, தூத்துக்குடிப் பள்ளியில் என்.சி.சி. அதிகாரியாக இருக்கிறார். ரகசியப் பணியில் இருப்பது உள்துறை அமைச்சருக்குத் தெரியும். 'தெரியும்' பத்தியில் பெயர் எவ்வளவு குறைவு என்று பாருங்கள். முகம் தெரிந்த ஆளை மறுபடி மறைக்க எடுத்த வழி இது. படம் பிடித்ததா இல்லையா என்பது அடுத்த பேச்சு. முதலில் இந்த வழி நம்பும்படி இருக்கிறதா என்று எழுதிப் பழகுங்கள்.

வேறு வழிகளும் உண்டு. ஹாங்காங்கின் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ் 2' (2003) கதையைப் பின்னோக்கிக் கொண்டுபோனது. யார் யார் என்பது பார்வையாளருக்கு முன்பே தெரியும், திரையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது. இந்தோனேசியாவின் 'தி ரெய்ட் 2' (2014) நாயகனை வேறு பெயரில் சிறைக்கே அனுப்பியது.

படி 2: தியேட்டரில்

முதல் முப்பது நிமிடத்துக்குள் நான்கு கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டும். புதுப் பெயர் என்ன? பிழைப்பு என்ன? 'இவன் நம்ம ஆளு' என்று கும்பலில் கைகாட்டியது யார்? போலீஸ் பக்கம் தொடர்பில் இருப்பது யார்? மூன்றாவதைத்தான் பல படங்கள் கோட்டை விடுகின்றன. ஒரே சண்டையில் காப்பாற்றியதும் தாதா வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டால் நோட்டில் பெரிதாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

'லேக்' (இழுவை) என்று தோன்றும் இடத்தில் மணி பார்த்து எழுதுங்கள். வீட்டுக்கு வந்து சரிபார்த்தால், அந்த நேரத்தில் பெரும்பாலும் 'சந்தேகம்' பத்தி காலியாக இருக்கும். யாருமே நாயகனைச் சந்தேகிக்காத இருபது நிமிடத்தை எத்தனை துப்பாக்கி வெடித்தாலும் தூக்கி நிறுத்த முடியாது. 'செகண்ட் ஹாஃப் சரியில்லை' என்று பத்துப் பேர் சொல்வதன் வேர் பல நேரம் இதுதான்.

நம்பவைக்க அவன் என்ன தப்புச் செய்கிறான், அதற்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பதையும் ஒரு வரியில் குறியுங்கள்.

படி 3: மலைக் கணக்கு

கதை நீலகிரிக்கு வந்தால், இங்கே இருப்பவர்கள் எழுதுவதற்குத் தனி மதிப்பு உண்டு.

நள்ளிரவில் கூடலூரிலிருந்து பந்திப்பூர் வழியாகக் குண்டல்பேட்டைக்குக் கார் துரத்தல் வைத்தால் கேள்வி கேளுங்கள். அந்தக் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 முதல் காலை 6 வரை தடை. ஆம்புலன்சும் குறிப்பிட்ட சில பஸ்களும்தான் போகலாம். மலை ரயிலில் அதிவேகத் துரத்தல் என்றாலும் அப்படித்தான். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்தான். வெளியூர் வண்டிகள் ஊட்டிக்கு ஏற 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். வில்லனின் கார்கள் வரிசையாக மலையேறினால் அத்தனை நம்பரும் பதிவில் இருக்கும். நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டியில் வந்தான் என்று காட்டியிருந்தால், இயக்குநர் விசாரித்து எழுதியிருக்கிறார் என்று பாராட்டி ஒரு வரி எழுதுங்கள்.

எஸ்டேட் கூலியாக ஒளிந்திருக்கும் நாயகனின் விரலைப் பாருங்கள். கொழுந்து பறிப்பவர் விரல் நுனியும் நகக் கண்ணும் இலைச்சாறு ஏறிக் கறுத்திருக்கும், சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. ஆறு மாதம் இங்கே இருந்தவன் கை வெளுப்பாக இருந்தால், கங்காணி அவனை முதல் வாரத்திலேயே 'சந்தேகம்' பத்தியில் போட்டிருப்பார். ஹட்டியில் (படுகர் ஊரில்) வாடகைக்கு இருக்கிறான் என்றால் இன்னும் கடினம். புது முகம் வந்த அன்றே 'எந்த ஊரு, யாரைப் பார்க்க வந்தீங்க' என்று கேட்காத ஹட்டி கிடையாது. சென்னை அபார்ட்மென்டில் செல்லும் பொய் கோத்தகிரியில் செல்லாது.

படி 4: காக்கிக் கணக்கு

எஸ்.ஐ.க்கு இரண்டு நட்சத்திரம், இன்ஸ்பெக்டருக்கு மூன்று, இருவருக்கும் தோள்பட்டையில் சிவப்பு-நீலப் பட்டை உண்டு. டி.எஸ்.பி. ஆனால் அதே மூன்று நட்சத்திரம்தான், பட்டை போய்விடும். முதல் பாகத்து இன்ஸ்பெக்டர் பதவி உயர்வோடு வந்தால் அதைக் கவனியுங்கள். கஞ்சா வழக்கில் ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. ஜாமீன் கிடைப்பது மிகக் கடினமாவது வணிக அளவில்தான். இரண்டு கிலோவைப் பிடித்துவிட்டு 'ஜென்மத்துக்கும் ஜாமீன் கிடையாது' என்று வசனம் பேசினால் அது தவறு.

இந்த வகைப் பிழை நான்கு இருந்தாலும், முதல் இரண்டு படியில் படம் தேறியிருந்தால் 'பார்க்கலாம்' என்றே எழுதுங்கள். ரகசியக் கணக்கு ஓட்டையான படத்தைத் தோள்பட்டைப் பட்டை காப்பாற்றாது.

படி 5: எழுதுவது

முந்நூறு சொல் போதும். விமர்சனத்தின் முதல் பாராவில், உடைந்த ரகசியத்தைப் படம் எப்படி ஒட்டியது, நம்பமுடிந்ததா என்று சொல்லுங்கள். அடுத்து, சந்தேகம் ஏறிய காட்சி ஒன்றும் இறங்கிய காட்சி ஒன்றும். நடிப்பு, இசைக்கு இரண்டு வரி. மலைக் கணக்கு கடைசியில். போலீசுக்குள் இருக்கும் கறுப்பு ஆடு யார் என்பதை எந்த இடத்திலும் எழுதாதீர்கள், 'எதிர்பாராத ஒருவர்' என்றுகூட வேண்டாம். நடிகர் பட்டியலைப் பார்த்தே ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

படம் முடிந்த இரவே குறிப்புகளைத் தெளிவாக எழுதி வைத்துவிட்டு, விமர்சனத்தை மறுநாள் காலை எழுதுங்கள். இருட்டில் கிறுக்கிய பென்சில் எழுத்து இரண்டு நாள் கழித்து எழுதியவருக்கே புரியாது.