பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடாதீர்கள்

பெங்களூருவில் சின்ன ஆபீஸ் நடத்துபவர்களுக்கு ஒரு யோசனை. கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகர்கிறதென்று உடனே புதுசு வாங்கக் கிளம்பாதீர்கள். பெரும்பாலும் கோளாறு ஹார்ட் டிஸ்க்கில்தான். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கொடுத்து அதைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பு டிஸ்க்கை மாட்டி, ரேம் என்ற நினைவகத்தையும் 8 ஜிபி ஆக்கினால் இன்னும் சில வருஷம் ஓடும். லேப்டாப்பால் வரும் கார்பனில் பெரும்பங்கு தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. கரண்ட் கணக்கெல்லாம் அப்புறம்தான்.

சரி, ஒரேயடியாகப் படுத்துவிட்டதா? எடைக்குப் போட்டால், போர்டை ஆசிட்டில் ஊறவைத்துத் தங்கம் பிரிப்பவர் கைக்குப் போகலாம். 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிப்படி, 1000 மின், மின்னணுக் கருவிகளாவது வைத்திருக்கும் நிறுவனங்கள் பழையதைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் போன்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். நீங்களும் அப்படியே செய்யலாம். அதற்குமுன் டிஸ்க்கில் உள்ளதை முழுதாக அழித்துவிடுங்கள். வெறும் டெலீட் போதாது, ஜி.எஸ்.டி. பில்லெல்லாம் அதில்தானே கிடக்கிறது!